தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. செல்லாமல் தடுத்தல்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினருக்கு ஒரு வழிகாட்டி

கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தால் பிறக்கப்போகும் குழந்தைக்கும் அது வந்தே தீரும் என்ற எண்ணம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது தவறான எண்ணம். எந்தச் சிகிச்சையும் இல்லாமல், தாய்ப்பாலும் கொடுத்து வளர்க்கும் நிலையிலேயே 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத்தான் தொற்று செல்கிறது. தாய் உரிய காலத்தில் மருந்தைத் தொடங்கி விடாமல் சாப்பிட்டு, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அந்த எண்ணிக்கை 5-க்கும் கீழே இறங்குகிறது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட தாய்மாரிடம் அது 1 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் கீழாகவோ வந்துவிடுகிறது.

பரிசோதனை முடிவு இப்போதுதான் கைக்கு வந்திருக்கும் பெண்ணுக்காகவும், அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கணவர், தாய், அக்கா போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தேவையான மருந்துகளும் பரிசோதனைகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் பெரும்பாலும் வேறிடத்தில் முளைக்கிறது: கணவர் ஊர், பெங்களூருவில் வேலை செய்யும் இடம், பிரசவத்துக்குப் போகும் தாய் வீடு என்று கர்ப்ப காலத்திலேயே பெண் இரண்டு மூன்று இடம் மாறுகிறார், அந்த மாற்றங்களுக்கு இடையில் மாத்திரையோ பரிசோதனையோ விட்டுப்போகிறது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியையும், அந்தத் தேதியில் நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்ற கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள்.

முதல் படி: பதிவும் பரிசோதனையும்

கர்ப்பம் உறுதியானதும் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் என்னும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அரசின் மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண் வேண்டும் என்பதால் பெரும்பாலோர் இதைத் தவறவிடுவதில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கப்படும் ரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி.யும், சிபிலிஸ் என்னும் மேகநோயும், மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பி-யும் அடங்கும். மூன்றும் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லக்கூடியவை. மூன்றையும் தடுக்க வழி இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ விரல் நுனியில் குத்திச் செய்யும் சோதனை முதற்கட்டச் சோதனை மட்டுமே. அதில் தொற்று இருக்கக்கூடும் என்று வந்தால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வெவ்வேறு முறையில் இயங்கும் மூன்று சோதனைகளைச் செய்த பிறகுதான் முடிவை உறுதி செய்வார்கள். முதற்கட்ட முடிவு பின்னர் தவறென்று ஆவதும் உண்டு. எனவே உறுதியான முடிவு வரும்வரை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருப்பது நல்லது; ஒரு முறை வெளியே போன பேச்சை, பிந்தைய சோதனை முடிவு திரும்பக் கொண்டுவராது.

2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்வதும், உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவைப் பிறருக்குச் சொல்வதும், தொற்று இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதும் சட்டவிரோதம். கருவைக் கலைக்கும்படியோ குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளும்படியோ உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. குழந்தையைப் பெற்றுக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. சந்தேகம் ஏதும் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலேயே கேட்கலாம்.

முடிவு தொற்று இல்லை என்று வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில், மூன்று மாதம் வரைகூட, சோதனையில் அது தெரியாமல் போகலாம். கணவருக்குத் தொற்று இருந்து மனைவிக்கு இல்லாத குடும்பங்களில் கர்ப்பத்தின் பிற்பகுதியில் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் ஆணுறை கட்டாயம். கர்ப்பத்தின்போது புதிதாகத் தொற்றிக்கொண்டால் தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும்; குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம்.

இரண்டாம் படி: மாத்திரையைத் தொடங்குதல்

முடிவு உறுதியானதும் நம்பிக்கை மைய ஆலோசகர் உங்களை எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார். இயன்றால் அன்றைக்கே, இல்லையென்றால் அந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். கர்ப்பிணிக்கு மருந்து தொடங்க எந்தப் பரிசோதனை முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், கர்ப்பம் எத்தனை மாதமாக இருந்தாலும் உடனே தொடங்குவதுதான் இப்போதைய முறை.

குடும்பத்திலோ பழக்கத்திலோ பல ஆண்டுகளுக்கு முன் இந்த அனுபவம் உள்ளவர்கள், "பிரசவ வலி வரும்போது ஒரு மாத்திரை கொடுப்பார்கள், அது போதும்" என்று சொல்லக்கூடும். முன்பு அப்படித்தான் இருந்தது: வலி கண்டதும் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை சொட்டு மருந்து. 2014 முதல் அந்த முறையை விட்டு, தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து கொடுக்கும் முறைக்கு நாடு முழுவதும் மாறிவிட்டார்கள். பழைய முறையைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது; தாயின் உடல்நலத்தையும் சேர்த்துக் காக்கிறது.

இப்போது பெரும்பாலும் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்று மருந்துகளும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. டோலுடெகிராவிர் கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கும் என்ற செய்தி 2018-இல் பரவியது. அதற்குப் பின் ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பதிவு செய்து பார்த்ததில் அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று தெளிவாகிவிட்டது. பழைய செய்தியைக் கைபேசியில் யாராவது அனுப்பினால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த மாத்திரையில் கர்ப்பிணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருந்து வாங்கும் அவசரத்தில் அது பலர் காதில் விழுவதில்லை. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும், வெறும் வயிற்றில் டோலுடெகிராவிருடன் சேர்ந்தால், அந்த மருந்து உடலில் சேரும் அளவைக் குறைத்துவிடும். ஆகவே ஏ.ஆர்.டி. மாத்திரைக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்தோ, அல்லது அதற்கு ஆறு மணி நேரம் முன்போதான் இவற்றைச் சாப்பிட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் வயிறாரச் சாப்பிட்ட பிறகு சாப்பிட வேண்டும். நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: காலை உணவோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்புச்சத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 9 மணிக்கு ஏ.ஆர்.டி. மாத்திரையும் இரண்டாவது கால்சியமும். ராகிக் களியிலும் கால்சியம் இருக்கிறதே, அதையும் ஒதுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. உணவாகச் சாப்பிடுவதற்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் பிங்க் நிற மருந்து அப்படியல்ல. அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் உணவோடு சேர்ந்தாலும் தடையாகும். மருத்துவரைக் கேட்காமல் அதைக் குடிக்க வேண்டாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் சாப்பிடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மசக்கை வாந்தியால் மாத்திரை வெளியே வந்துவிடுகிறது என்றால் நிறுத்திவிடாமல் மையத்தில் சொல்லுங்கள். வாந்திக்கு மருந்தும் தருவார்கள், நேரத்தையும் மாற்றித் தருவார்கள். மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் போடுகிறது, வீட்டில் கேட்பார்கள் என்று பயந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போகும் பெண்கள் இருக்கிறார்கள். ஈரம் பட்டால் மாத்திரை கெட்டுவிடும். டப்பாவிலேயே வைத்து, மேலே கொஞ்சம் சுத்தமான பஞ்சைத் திணித்துவிட்டால் சத்தம் கேட்காது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எத்தனை நாளாக இருந்தாலும் இருமலோ, காய்ச்சலோ, எடை ஏறாமல் இருப்பதோ தெரிந்தால் காசநோய்க்கான பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஊர் மாறும்போது

இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொல்வேன்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் குடும்பங்கள் கட்டட வேலைக்குப் பெங்களூரு போவதும், ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பெண்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போவதும் இங்கே வழக்கம். கர்ப்பம் தெரியவந்த இடம் ஓரிடம், பதிவு செய்த இடம் ஓரிடம், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குப் போகும் தாய் வீடு வேறோரிடம் என்று ஆகிவிடும். இரண்டு மாநிலங்களுக்கு இடையிலேகூட இது நடக்கிறது. ஏ.ஆர்.டி. மையங்கள் நாடு முழுவதும் ஒரே திட்டத்தின் கீழ் இயங்குவதால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். அதற்கு உங்கள் சிகிச்சைப் புத்தகமும், பழைய மையத்தின் மாறுதல் கடிதமும் வேண்டும்.

வளைகாப்புத் தேதி முடிவானவுடனேயே, அதாவது தாய் வீட்டுக்குப் புறப்படச் சில வாரங்களுக்கு முன்பே, மையத்தில் சொல்லிவிடுங்கள். பிரசவம் முடிந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குத் திரும்புவதுதான் வழக்கம் என்பதால், இந்த இடைக்காலம் முழுவதற்கும் மாத்திரை எங்கிருந்து வரும், குழந்தைக்கான ரத்தப் பரிசோதனையை எந்த மையம் செய்யும் என்ற இரண்டையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சிகிச்சையில் நிலையாக இருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் சேர்த்து மாத்திரை தரும் ஏற்பாடு உண்டு. திடீரென்று ஊருக்குப் போக நேர்ந்து மாத்திரை தீர்ந்துவிட்டால், அருகிலுள்ள வேறு மையத்தில் புத்தகத்தைக் காட்டித் தற்காலிகமாகப் பெறவும் வழி உண்டு.

தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று சொந்த மாவட்ட மையத்தை விட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போய் மருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிறைமாதத்தில் இரண்டு பேருந்து மாறிப் போக முடியாமல் ஒரு மாத மருந்து விட்டுப்போவதுதான் அதன் விலையாக இருக்கும் என்றால், கர்ப்பம் முதல் குழந்தையின் ஒன்றரை வயது வரையாவது அருகிலுள்ள மையத்துக்கு மாறிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும் இதில் ஒரு சிறு உதவி.

நான்காம் படி: எட்டாம் மாத ரத்தப் பரிசோதனை

கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரங்களுக்குள் வைரஸ் அளவு பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் உள்ளன என்று இதில் தெரியும். 1,000-க்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள், கண்டறிய முடியாத அளவு என்று வந்தால் மிகவும் நல்லது. 1,000-க்கு மேல் இருந்தாலோ, பரிசோதனையே செய்யாமல் பிரசவத்துக்கு வந்தாலோ, பிரசவம் நெருங்கிய பிறகுதான் மருந்து தொடங்கியிருந்தாலோ, அந்தக் குழந்தையை அதிக ஆபத்துள்ள பிரிவில் சேர்த்துக் கூடுதல் மருந்து கொடுப்பார்கள். இந்தப் பரிசோதனை வரும் நேரமும் தாய் வீட்டுக்குப் புறப்படும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், ரத்தம் கொடுத்த மையம் ஒன்று, முடிவு தேவைப்படும் பிரசவ ஆஸ்பத்திரி வேறொன்று என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பிரசவம்

தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதில்லை, சுகப்பிரசவமே போதும். தலை திரும்பாமல் இருப்பது போன்ற வேறு காரணங்கள் இருந்தால்தான் ஆபரேஷன். ஆனால் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். பனிக்குடம் உடைந்து நேரம் ஆக ஆகக் குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு கூடுகிறது. எனவே நீர் உடைந்த உடனே 108-ஐ அழையுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களிலோ இருப்பவர்கள் பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்பே கீழே இறங்கிவந்து தங்கிவிடுவது பாதுகாப்பு.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் மகப்பேறு, குழந்தை மருத்துவம், நம்பிக்கை மையம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்க முடிவு செய்திருந்தால், மருத்துவரிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லி, குழந்தைக்கான தடுப்பு மருந்து சிரப் அங்கே இருக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஏ.ஆர்.டி. மையத்திலேயே முன்கூட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். பிரசவப் பையில் உங்கள் மாத்திரை டப்பாவும் சிகிச்சைப் புத்தகமும் இருக்க வேண்டும். வலியோடு இருக்கும் நாளிலும் வழக்கமான நேரத்தில் மாத்திரையைச் சாப்பிட வேண்டும். மகப்பேறு வார்டில் யாரும் நினைவூட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், உடன் இருப்பவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள்.

எந்தப் பரிசோதனையும் செய்யாமல் வலியோடு வந்து சேரும் பெண்ணுக்கும் வழி அடைபட்டுவிடுவதில்லை. பிரசவ அறையிலேயே விரைவுச் சோதனை செய்து, தேவைப்பட்டால் அப்போதே மருந்து தொடங்குவார்கள்.

ஆறாம் படி: குழந்தைக்கு சிரப்

பிறந்தவுடன், இயன்றவரை சில மணி நேரத்துக்குள், குழந்தைக்கு நெவிரபின் சிரப் தொடங்க வேண்டும். அளவைப் பிறந்த எடையைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார். நாளுக்கு ஒரு முறை, ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சில் உறிஞ்சி, கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விட வேண்டும். தேக்கரண்டியால் அளக்கக் கூடாது. வீட்டுக்குப் போவதற்கு முன் செவிலியர் முன்னிலையில் நீங்களே ஒரு முறை அளந்து கொடுத்துக் காட்டுங்கள். சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று மார்க்கர் பேனாவால் ஓர் அடையாளமும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து குறைவான குழந்தைக்கு இந்த சிரப் 6 வாரம். அதிக ஆபத்துள்ள பிரிவு என்றால் ஜிடோவுடின் என்ற இரண்டாவது சிரப்பும் சேரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது 12 வாரம் வரை நீளும். எத்தனை வாரம் என்பதைப் புத்தகத்தில் எழுதச் சொல்லி வாங்குங்கள். மற்றக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகள், பிறந்த நாளிலேயே போடும் ஹெபடைடிஸ் பி ஊசி உட்பட, இந்தக் குழந்தைக்கும் அட்டவணைப்படி உண்டு.

ஏழாம் படி: பால் கொடுத்தல்

தாய்ப்பாலில் வைரஸ் இருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் நம் நாட்டுச் சூழலில் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்படி அறிவுறுத்துகிறார்கள். பவுடர் பாலை நாளுக்கு எட்டு முறை கொதித்த தண்ணீரில், கொதிக்க வைத்த பாத்திரத்தில், குறையாத அளவில், மாதம் தவறாமல் வாங்கிக் கலக்க முடியாத வீடுகளில் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் குழந்தையின் உயிரை எடுத்துவிடும். தாய் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பால் வழியாகத் தொற்று செல்லும் வாய்ப்பு மிகக் குறைவு. பவுடர் பாலை முழுமையாகவும் பாதுகாப்பாகவும் கொடுக்க வசதி உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசி அதைத் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்று மட்டுமே. தாய்ப்பாலும் வேறு பாலும் மாறி மாறிக் கொடுப்பதுதான் மிகவும் ஆபத்து, ஏனென்றால் வேறு உணவு குழந்தையின் மென்மையான குடல் சவ்வைப் புண்ணாக்கி வைரஸ் உள்ளே நுழைய வழிசெய்துவிடும்.

நம் பக்கத்தில் இந்த விதியை மீறவைப்பது பெரும்பாலும் பாசம்தான். பிறந்ததும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு நாக்கில் வைக்கும் சேனை, தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருபவரிடம் சங்களவு வாங்கிப் புகட்டும் கழுதைப்பால், உரை மருந்து, அழுதால் கிரைப் வாட்டர், வெயில் காலத்தில் தண்ணீர்: இவை அனைத்தும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்ல வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இல்லை என்பது இதில் ஒரு வசதி. எந்தக் குழந்தைக்கும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே மருத்துவர்களின் பொது விதி. "டாக்டரம்மா ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அத்தை; அங்கன்வாடியிலயும் அதையேதான் சொல்றாங்க" என்று மாமியாரிடம் சொன்னால் அது முழு உண்மை; வேறெதையும் வெளியிட வேண்டியதில்லை. பெரியவர்கள் மனம் நோகும் என்றால் சேனைக்குப் பதில் நெற்றியில் திருநீறோ சந்தனமோ வைக்கச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதித் தரும் சிரப்களும் சொட்டு மருந்தும் இந்தக் கட்டுப்பாட்டில் சேராது.

மார்புக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தாலோ, மார்பு கட்டிக்கொண்டு சீழ் பிடித்தாலோ, அந்தப் பக்கத்துப் பாலைப் பீச்சி எறிந்துவிட்டு மறுபக்கத்தில் கொடுத்தபடி உடனே மருத்துவரைப் பாருங்கள். குழந்தையின் வாயில் வெள்ளை படர்ந்திருந்தாலும் காட்ட வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் ராகிக் கூழ், பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம் என்று இணையுணவு தொடங்கலாம். தாய்ப்பாலை ஒரு வயது வரையிலாவது தொடரலாம், அதற்கு மேல் எப்போது நிறுத்துவது என்பதை மையத்தில் பேசி முடிவு செய்யுங்கள். நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு மாத அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எட்டாம் படி: குழந்தையின் பரிசோதனைகள்

எச்.ஐ.வி.க்கு எதிராகத் தாயின் உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரைகூடத் தங்கியிருக்கும். அதனால் அந்தப் புரதங்களைத் தேடும், பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணச் சோதனையைக் கைக்குழந்தைக்குச் செய்தால் தொற்று இல்லாத குழந்தைக்கும் இருப்பதாகக் காட்டலாம். அவசரப்பட்டுத் தனியார் ஆய்வகத்தில் செய்து மனம் உடைந்து போகாதீர்கள். கைக்குழந்தைக்கு வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனை தனியாக இருக்கிறது. 6 வார வயதில், அதாவது முதல் பெண்டாவேலன்ட் தடுப்பூசிக்குப் போகும் அதே வாரத்தில், குழந்தையின் குதிகாலில் சிறிதாகக் குத்தி, வட்டங்கள் அச்சிட்ட தடித்த அட்டையில் ஒவ்வொரு வட்டமும் நிறையும்படி ரத்தச் சொட்டுகளை விட்டு, உலரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குழந்தையின் காலைச் சற்று நேரம் கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டு போனால் ரத்தம் எளிதாக வரும், மறுபடி குத்த வேண்டியிருக்காது.

அதே 6 வாரத்தில் கோட்ரைமாக்சசோல் என்ற மருந்தும் தொடங்குவார்கள். நிமோனியா போன்ற நோய்களிலிருந்து காக்கும் இந்த மருந்தை, தொற்று இல்லை என்று உறுதியாகி மையம் நிறுத்தச் சொல்லும்வரை கொடுக்க வேண்டும். அடுத்த பரிசோதனைகள் 6 மாதத்திலும் 12 மாதத்திலும். தாய்ப்பால் நிறுத்திய பிறகு மையம் சொல்லும் இடைவெளியில் ஒன்று. இறுதி முடிவு 18 மாதத்தில். முதல் சோதனையில் தொற்று இல்லை என்று வந்ததும் மற்றவற்றை விட்டுவிடும் குடும்பங்கள் பல. பால் குடிக்கும் வரை ஆபத்து தொடர்கிறது என்பதால் அந்த ஒரு முடிவை வைத்து நிம்மதி அடைய முடியாது.

தொற்று இருக்கிறது என்று வந்தால் இன்னொரு முறை ரத்தம் எடுத்து உறுதி செய்வார்கள், அதற்கிடையிலேயே சிகிச்சையும் தொடங்கிவிடும். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். உடனே மருந்து தொடங்கிய குழந்தைகள் பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய், திருமணமும் செய்துகொள்கிறார்கள். தாமதத்துக்கு இடமே இல்லாத கட்டம் இது.

கணவரும் மூத்த குழந்தைகளும்

கணவருக்கும், முன்பே பிறந்த குழந்தைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். முதலில் தெரியவந்தது மனைவிக்கு என்பதாலேயே அவர் வழியாகத்தான் வந்தது என்று பழி சுமத்துவது வழக்கமாகிவிட்டது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை நடப்பதால்தான் அவர்களிடம் முதலில் தெரிகிறது. கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால், அவரையும் நம்பிக்கை மையத்துக்கு வரவழைத்து ஆலோசகர் முன்னிலையில் பேசலாம். அடி உதை நேரும் என்ற அச்சம் இருந்தால் அதையும் ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

18 மாத முடிவு வந்ததும் அதன் நகலை வாங்கிக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். தாயின் மாத்திரை அதோடு நிற்பதில்லை. அடுத்த வைரஸ் அளவு பரிசோதனைக்கான தேதியையும், இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் கருத்தரிக்கும் முன்பே வந்து பார்க்க வேண்டிய மாதத்தையும் அன்றைக்கே மையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.